சிறு லாரி வைத்துத் தொழில் நடத்துவது எப்படி?

நெய்த துணி தறியிலிருந்து இறங்கிய பின்னும், பறித்த காய் களத்தில் குவிந்த பின்னும், வாங்குவோர் இருக்குமிடத்தை அவை உரிய காலத்தில் சென்றடைந்தால்தான் உழைப்புக்குப் பலன் உண்டு. இது நம் அங்கத்தினர் அனைவரும் அனுபவத்தில் அறிந்த உண்மை. ஆனால் அண்மைக் காலமாக வேறொரு கேள்வியை அங்கத்தினர் பலர் எழுப்பி வருகின்றனர். “வாடகை கொடுத்து அலுத்துவிட்டோம், நாமே ஒரு சிறு லாரி வாங்கி, சென்னைத் துறைமுகப் பக்கம் ஓட்டினால் என்ன? பையனுக்கும் ஒரு தொழில் ஆயிற்றே” என்பதே அது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துக் காய்கறிப் பயிரிடுவோரும், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களின் நெசவாளரும் இதைக் கேட்கின்றனர். நிலத்தையோ நகையையோ ஈடு வைத்து இறங்க வேண்டிய காரியமாதலால், ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூறுவது முறையாகாது. இத்தொழிலின் உட்கணக்கை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் தொழில் நடைபெறும் இடத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இராயபுரம் தொடங்கி, திருவொற்றியூர், மணலி வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பகுதி, சரக்குக்கென்றே பிறந்த பகுதி எனலாம். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. எம்.ஆர்.எப். நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தோன்றியது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பின்னர் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரில் லாரி கட்டியது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை 1969-இல் இயங்கத் தொடங்கிற்று. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டு, இன்று காமராசர் துறைமுகம் என்னும் பெயருடன் விளங்குகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வதை நிறுத்தவேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்ட பின், அப்புழுதிச் சரக்குகள் வடக்கே சென்றன. சென்னைத் துறைமுகத்துக்கு இன்று முக்கியமான சரக்குகளுள் ஒன்று கொள்கலன், அதாவது கண்டெய்னர்.

கண்டெய்னரைச் சுமப்பது நீண்ட டிரெய்லரின் வேலை. அதில் நம்மவர்க்கு இடமில்லை. அதற்கு வேண்டிய முதலும் நம்மிடம் இல்லை. சிறு லாரிக்குரிய வேலை கண்டெய்னருக்குள் சரக்கு அடைபடுவதற்கு முன்னும், அதிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னும் உள்ளது. மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கங்களில் கொள்கலன் சரக்கு நிலையங்கள் பல உள்ளன. ஓட்டுநர்கள் இவற்றைச் ‘சி.எப்.எஸ்.’ என்பார்கள். பத்துப் பேருடைய உதிரிச் சரக்கை ஒரே பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பும் இடம் அது. பத்துப் பொதி துணி அங்கே இன்று மாலைக்குள் சேராவிட்டால் கப்பல் போய்விடும். ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், அதற்குரிய உறுப்பை அம்பத்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் கொண்டுவர வேண்டும். காசிமேட்டில் மீன் இறங்கினால் ஐஸ் உருகுமுன் எடுத்துச் செல்ல வேண்டும். இவை யாவும் சிறிய, அவசரமான, பெரிய லாரிக்குக் கட்டுப்படியாகாத பாரங்கள்.

அமெரிக்க நாட்டில் இவ்வகை அவசரப் பாரத் தொழிலுக்கு ‘ஹாட் ஷாட்’ என்றே பெயர். டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் துளைக்கருவி நின்றுபோனால், உறுப்பை ஒரு சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக ஓடியவர்களிடமிருந்து வளர்ந்த தொழில் அது. நம் நாட்டில் 2005-இல் டாட்டா நிறுவனம் முக்கால் டன் சுமக்கும் ‘ஏஸ்’ வண்டியை வெளியிட்ட பின்னரே இத்தொழில் சாமானியர் கைக்கு எட்டியது. தமிழ்நாட்டு மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘குட்டி யானை’. 2011-இல் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ ஒன்றேகால் டன் பாரத்துடன் வந்தது. இன்று எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் சிறு வண்டிகளும் கிடைக்கின்றன. எந்த வண்டியாயினும் கீழே கூறும் கணக்கு ஒன்றே.

வண்டிக் கணக்கு

நாம் அறிந்த ஓர் அங்கத்தினரின் மகன் கடன் பெற்று ஒரு சிறு லாரி வாங்கினார். உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லாதவர், வண்டியைத் தாமே ஓட்டினார். முதல் ஐந்து மாதம் கையில் பணம் புரண்டது. வீட்டுக்கு ஓடு மாற்றினார். தங்கைக்குச் சீர் செய்தார். ஓராண்டு நிறையும் காலத்தில் காப்புறுதியைப் புதுப்பிக்கும் தொகையும், டயர் மாற்றும் செலவும், ஐப்பசி மழையில் வண்டி சும்மா நின்ற நாட்களும் ஒன்றாக வந்தன. மூன்று தவணை தவறிற்று. பதினெட்டாம் மாதத்தில் கடன் கொடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டார். அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று. வாடகையாக வந்த பணத்தை வருமானம் என்று எண்ணிவிட்டார்.

அவர் கணக்கிட்ட முறையையும், கணக்கிட்டிருக்க வேண்டிய முறையையும் இங்கே பார்ப்போம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. அங்கத்தினர் தத்தம் ஊர் விலையை அவ்விடங்களில் இட்டுக்கொள்ளலாம்.

வண்டியின் விலை பதிவுச் செலவு உட்பட ரூ. 7,00,000 என்று கொள்வோம். கையிலிருந்து ரூ. 1,40,000 போட்டு, எஞ்சிய ரூ. 5,60,000-ஐ நூற்றுக்குப் பதினொரு வட்டியில் நாற்பத்தெட்டு மாதக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 14,500 ஆகும். காப்புறுதி, வரி, தகுதிச் சான்று ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ரூ. 42,000, மாதத்துக்கு ரூ. 3,500. ஓட்டுநர் சம்பளம் ரூ. 18,000. வண்டி நிறுத்துமிடம், தொலைபேசி முதலியன ரூ. 1,500. ஆக, வண்டி ஓர் அடிகூட நகராவிட்டாலும் மாதம் ரூ. 37,500 செலவு நிற்கிறது. மாதத்தில் வேலை நாள் இருபத்தைந்து எனில், பொழுது விடிந்தவுடன் ரூ. 1,500 கடனோடு வண்டி எழுகிறது என்று பொருள்.

தாமே ஓட்டினால் சம்பளச் செலவில்லையே என்று சிலர் கூறலாம். அது சரியன்று. தாம் தறியிலோ வயலிலோ ஈட்டியிருக்கக்கூடிய கூலியை வண்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். அதைக் கணக்கில் எழுதாதவர், தம் கூலியையே லாபம் என்று கண்டு மகிழ்கிறார்.

இனி ஓட்டச் செலவு. டீசலுக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 7, டயர், எண்ணெய், பழுதுக்கு ரூ. 3, ஆக ரூ. 10 என்க. பொன்னேரியிலிருந்து இராயபுரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரம் ஒரு பாரம், வாடகை ரூ. 1,800. நம் இளைஞர் இதில் டீசல் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ரூ. 245 போக, ரூ. 1,555 மிச்சம் என்று எழுதி வைத்தார். உண்மையில் வண்டி வெறுமையாகத் திரும்பியாக வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு ரூ. 700. வேலை அரை நாளில் முடிந்தால் அந்த அரை நாளுக்குரிய நிலைச்செலவு ரூ. 750. ஆகச் செலவு ரூ. 1,450, மிச்சம் ரூ. 350.

அதே பாரம் இறக்குமிடத்தில் காத்துக் கிடந்து, ஒரு முழு நாளையும் விழுங்கிவிட்டால் செலவு ரூ. 2,200, நஷ்டம் ரூ. 400. வாடகை மாறவில்லை, தூரம் மாறவில்லை, டீசல் மாறவில்லை. ஆயினும் லாபம் நஷ்டமாயிற்று. அதே முழு நாளில், திரும்பும் வழிக்கு ரூ. 900 வாடகையில் உர மூட்டையோ நூல் பொதியோ கிடைத்திருந்தால், ரூ. 500 மிஞ்சும். இத்தொழிலின் உயிர் ஏற்றிச் செல்லும் பாரத்தில் இல்லை. வெறுமையாக வரும் வழியிலும் வாயிலில் நிற்கும் நேரத்திலும் இருக்கிறது. வண்டி வாங்குமுன் இவ்விரண்டையும் எங்ஙனம் சமாளிக்கப் போகிறோம் என்பதற்கு விடை இல்லாதவர், வண்டி வாங்காதிருப்பதே நலம்.

காத்திருப்பும் திரும்பு பாரமும்

வடசென்னையில் காத்திருப்பு என்பது எப்போதேனும் நேரும் விபத்தன்று. நாள்தோறும் உள்ள நடைமுறை. துறைமுகத்தின் வடக்கு வாயிலான ‘ஜீரோ கேட்’டை நோக்கி டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றதும், அதனால் லாரிச் சொந்தக்காரர் வேலைநிறுத்தம் செய்ததும் பலமுறை நிகழ்ந்தவை. எண்ணூர்-மணலிச் சாலைகளை அகலப்படுத்தும் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குச் செல்லும் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினர். 2012-இல் வேலை நின்றது. 2022-இல் இரண்டடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல் நாட்டினர். சாலை வரும்போது வரட்டும். அதை நம்பி இன்று கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்.

சிறு வண்டிக்காரர் இயன்றவரை துறைமுக வாயிலைத் தவிர்த்து, சரக்கு நிலையங்களிலும் ஆலைகளிலும் பாரம் பிடிப்பது உத்தமம். அங்கும் காத்திருப்பு உண்டு. ஆனால் முன்கூட்டிப் பேசி நேரம் பெறலாம். வாடகை பேசும்போதே, முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு இவ்வளவு என்று காத்திருப்புக் கூலியையும் பேசி, ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிட வேண்டும். வண்டி உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளிவந்த நேரத்தையும் வாயிற்காவலரின் குறிப்புடன் எழுதிக்கொள்வது அவசியம். வாய்ப்பேச்சை நம்பி, மாலையில் தகராறு செய்வோர் அந்த வாடிக்கையையே இழக்கின்றனர். ஏற்றுகூலி, இறக்குகூலி யாருடையது என்பதையும் அப்போதே முடிவு செய்தல் வேண்டும்.

திரும்பு பாரம் பற்றிக் கூறுவதானால், தனி மனிதனைவிடச் சங்கத்துக்கு இதில் வசதி அதிகம். தரகர் பாரம் பிடித்துக் கொடுப்பார், கமிஷனும் எடுப்பார். கைப்பேசிச் செயலிகளும் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன. அவையும் தமக்குரிய பங்கைப் பெறாமல் விடுவதில்லை. ஆனால் நம் சங்கங்களுக்கு நகரத்திலிருந்து ஊருக்கு வரும் சரக்கு ஏற்கனவே உள்ளது. நூல், சாயம், உரம், விதை, வெற்றுச் சாக்கு, காய்கறிக் கூடை ஆகிய இவை இன்று வேறு வண்டிகளில் வருகின்றன. இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்து, எந்த நாளில் எவருக்கு எந்தச் சரக்கு வரவேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால், அங்கத்தினரின் வண்டி வெறுமையாகத் திரும்பும் நாட்கள் பாதியாகக் குறையும் என்பது நம் கருத்து. இதற்குப் புதிய கட்டடமோ உத்தியோகஸ்தரோ வேண்டியதில்லை. ஒரு கரும்பலகை போதும்.

கடனும் பழைய வண்டியும்

புதிய வண்டியா, பழைய வண்டியா என்று பலர் கேட்கின்றனர். பழைய வண்டி வாங்கும் ஓட்டுநருக்குக் கடன் கொடுப்பது அபாயம் என்று வங்கிகள் ஒதுங்கியிருந்த காலத்தில், சென்னையில் 1979-இல் தோன்றிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் அவர்களுக்கே கடன் கொடுத்துப் பெரிதாக வளர்ந்தது. நாணயமான சிறு மனிதர் தவணை கட்டுவார் என்பதை அது உலகுக்குக் காட்டிற்று. ஆயினும் பழைய வண்டிக்கு வட்டி கூடுதலாக இருப்பதே வழக்கம். பழுதுச் செலவும் அதிகம். மாதம் பதினைந்து நாளுக்கு மேல் வேலை உறுதியில்லாதவருக்கு, தவணை குறைந்த நல்ல பழைய வண்டியே ஏற்றது. தினமும் பாரம் உள்ளவருக்குப் புதிய வண்டி பொருந்தும். பழையதை வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய கடன் பதிவு உள்ளதா, தகுதிச் சான்று எந்த நாள் வரை, கட்டப்படாத போக்குவரத்து அபராதங்கள் எவ்வளவு என்ற மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

தவணை தவறினால் கடன் கொடுத்தவர் வண்டியைப் பெற உரிமை உண்டு. ஆனால் அடியாட்களைக் கொண்டு வழிமறித்துப் பறிப்பது சட்டத்துக்கு உட்பட்டதன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவாகக் கூறியுள்ளது. தவணை முழுதும் தீர்ந்ததும், கடன் கொடுத்தவரிடம் படிவம் 35-இல் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, பல ஆண்டு கழித்து வண்டியை விற்கும்போது அலைபவர் அநேகர். தவணை தீர்ந்த மறுமாதம் முதல் அதே ரூ. 14,500-ஐச் சங்கத்தில் வைப்பாகப் போட்டு வருபவருக்கு, அடுத்த வண்டிக்குக் கடன் குறைவாகவே தேவைப்படும்.

சட்டம் கூறுவன

மொத்த எடை, அதாவது வண்டியும் பாரமும் சேர்ந்து, 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை இவ்வரம்புக்குள் அடங்கும். இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. மூன்றாம் நபர் காப்புறுதி இல்லாமல் வண்டி சாலைக்கு வரலாகாது.

அளவுக்கு மிஞ்சிய பாரம் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். “இன்னும் நாலு மூட்டைதானே” என்று சரக்குக்காரர் சொல்லுவார். முந்நூறு ரூபாய் கூடத் தருவார். பிடிபட்டால் அபராதம் ரூ. 20,000, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000, மிகைப் பாரத்தை அங்கேயே இறக்கவும் வேண்டும். முந்நூறு ரூபாய்க்காக ஒரு மாதத் தவணைக்கு மேற்பட்ட தொகையைப் பணயம் வைப்பது எவ்விதத்தில் சாமர்த்தியம்?

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள, வரிக்குரிய சரக்குக்கு மின்வழிச் சீட்டாகிய ‘இ-வே பில்’ வேண்டும். வெளிமாநிலத்துக்கு இவ்வரம்பு ரூ. 50,000. சரக்குக்காரரே அதை எடுத்துத் தரட்டும். ஆனால் சீட்டில் உள்ள வண்டி எண் நம்முடையதுதானா என்று பார்ப்பது ஓட்டுநரின் கடமை.

பீப்பாய்களை ஏற்றும்போது உள்ளே இருப்பது என்னவென்று கேட்காமல் ஏற்றலாகாது. மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் ஏறக்குறைய 700 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அது 2020 ஆகஸ்டில், பெய்ரூத் துறைமுக வெடிப்புக்குப் பிறகுதான் பலர் கவனத்துக்கு வந்தது. பின்னர் அங்கிருந்து அகற்றப்பட்டது. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்ல ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும். அவை இல்லாதவர், வாடகை எவ்வளவு கூடுதலாயினும் மறுத்துவிட வேண்டும்.

சரக்கு அனுப்பும் நெசவாளர்க்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. சாலைவழிச் சரக்கேற்றச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, பதிவு பெற்ற லாரி ஆபீசில் ரசீதுடன் ஒப்படைத்த சரக்கு தொலைந்தால், பொதுவாகக் கிடைக்கும் ஈடு வாடகையின் பத்து மடங்கு மட்டுமே. இரண்டு லட்ச ரூபாய்ப் பட்டுச் சேலைப் பொதியை ரூ. 1,500 வாடகைக்கு அனுப்பியவருக்கு ரூ. 15,000 தான் கிடைக்கும். சரக்கின் மதிப்பை முன்னரே எழுத்தில் அறிவித்தால் இவ்வரம்பு தடையாக நில்லாது. அதற்கு லாரி ஆபீஸ் சற்றுக் கூடுதல் வாடகை கேட்கலாம். கொடுத்துவிடுவதே மேல்.

வாடகைப் பாக்கி சிறு வண்டிக்காரரைக் கொல்லும் நோய். டீசல் பங்கில் கடன் இல்லை. ஆலையோ தொண்ணூறு நாள் தவணை கேட்கிறது. ‘உத்யம்’ பதிவு செய்துகொண்ட சிறு தொழிலருக்கு வரவேண்டிய பணத்தை, ஒப்பந்தம் எதுவாயினும், நாற்பத்தைந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். எடுத்த எடுப்பில் சட்டத்தைக் காட்டினால் வாடிக்கை போய்விடும் என்பது உண்மையே. ஆனால் பில்லின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்டிருப்பதால் கேடொன்றும் இல்லை. ஒரே வாடிக்கையிடம் ஒரு மாத நிலைச்செலவுக்கு மேல் பாக்கி ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது, வட்டி கேட்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு.

இன்னும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியும் எண்ணூரும் வெள்ளத்தில் மூழ்கின. எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவிற்று. தாழ்ந்த இடத்தில் நிறுத்தியிருந்த வண்டிகள் பல நீரில் நின்றன. மூன்றாம் நபர் காப்புறுதி மட்டும் எடுத்தவருக்கு இந்நஷ்டத்தில் காசு கிடைக்காது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். நீரில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் நீர் புகுந்து பெருஞ்செலவு வரும். மெக்கானிக் பார்க்கும் வரை சாவியைத் தொடலாகாது.

மேற்கூறிய இளைஞர் மறுபடியும் ஒரு வண்டிக்காக முயல்கிறார். இம்முறை வாங்குமுன்பே, உறவினர் ஒருவருடைய வண்டியை மூன்று மாதம் கூலிக்கு ஓட்டி, நாள்தோறும் ஒரு நோட்டில் ஆறு பத்திகள் எழுதி வருகிறார். அவை புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், பாரத்தோடு ஓடிய தூரம், வெறுமையாக ஓடிய தூரம், காத்திருந்த மணி, கைக்கு வந்த வாடகை என்பன. முதல் மாத நோட்டை நமக்குக் காட்டினார். நூறு கிலோமீட்டரில் நாற்பத்தாறு வெறுமையாக ஓடியிருந்தது. அது முப்பதுக்குக் கீழ் இறங்கிய பின்னரே கடன் மனு எழுதப் போவதாகக் கூறினார்.